நியா குகைகள்: மழைக்காட்டில் பிழைக்கக் கற்றவர்களின் இடம்

போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள மிரி நகருக்குப் போகிற பலர் அங்குள்ள முலு குகைகளைப் பார்த்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் நியாவைத்தான் சொல்வேன். முலுவின் பிரமாண்டம் இங்கே இல்லை, ஆனால் மனிதன் மழைக்காட்டுக்குள் எப்படிப் பிழைத்தான் என்பதற்கான சாட்சி இந்த மண்ணுக்குள்தான் கிடக்கிறது. 2024-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்ததும் அதற்காகத்தான்.

பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுச் சின்னப் படகில் நியா ஆற்றைக் கடந்தால், அந்தப் பக்கம் பலகைப் பாதை தொடங்குகிறது. குகை வரை 3 கிலோமீட்டருக்குக் குறையாத நடை. மழைக்குப் பிறகு பலகை பாசி ஏறி வழுக்கும், நல்ல காலணி அவசியம். வேகமாக நடந்தால் ஒன்றும் கண்ணில் படாது. ஒரு மரத்தடியில் மூச்சு வாங்க நின்றபோதுதான் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்த பறக்கும் ஓணானைப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே மஞ்சள் தோலை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தது, சட்டென்று விலாவை விரித்துக்கொண்டு எதிர் மரத்துக்குச் சறுக்கிப் போய்விட்டது.

முதலில் வருவது வணிகர் குகை. சூப்புக்குப் பயன்படும் பறவைக் கூடு வாங்க வந்தவர்கள் போட்ட குடிசைகளின் மரச்சட்டங்கள் இன்னும் நிற்கின்றன. அதைத் தாண்டினால் பெருங்குகையின் மேற்கு வாய், சுமார் 60 மீட்டர் உயரம், 250 மீட்டர் அகலம். வேலி போட்ட அகழாய்வுக் குழிகள் இங்கேதான். சரவாக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டாம் ஹாரிசனும் அவர் மனைவி பார்பரா ஹாரிசனும் நடத்திய அகழாய்வில் 1958-ல் ஒரு மண்டையோடு கிடைத்தது. வயது ஏறக்குறைய 40,000 ஆண்டுகள். ரொம்ப காலம் அதை ஒரு இளைஞனுடையது என்றே நினைத்தார்கள். 2016-ல் வெளியான மறு ஆய்வோ, நடுத்தர வயதுப் பெண்ணுடையதாக இருக்கலாம் என்கிறது.

ஆனால் என்னை அந்த வேலி ஓரத்திலேயே நிற்க வைத்தது மண்டையோடு இல்லை, சாம்பல் குழிகள். காட்டில் கைக்கு எட்டியதைப் பறித்துத் தின்று வாழ்ந்தார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே கிடைத்த உணவு எச்சங்களில் கெப்பாயாங் என்ற கொட்டை இருக்கிறது. பச்சையாகத் தின்றால் அதிலுள்ள சயனைடு ஆளையே கொன்றுவிடும், சாம்பலோடு பல நாள் புதைத்து வைத்தால்தான் விஷம் முறியும். எவ்வளவு புதைக்கணும், எப்போது தோண்டணும் என்பதை யாரோ கண்டுபிடித்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்து, அது தொடர்ந்திருக்க வேண்டும். காட்டுப்பன்றி, குரங்கு, ஒராங் ஊத்தான் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. இவ்வளவு தெரிந்தவர்களை நாகரிகம் இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் இருட்டு. பெருங்குகைக்குள்ளே போகும் கான் கிரா என்ற பாதையில் டார்ச் இல்லாமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது. பறவை, வௌவால் எச்சத்தின் நெடி மூக்கைத் துளைக்கும், தலைக்கு மேல் டிக் டிக் என்று சத்தம். உழவாரக் குருவிகள் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கிற சத்தம் அது. கூரையிலிருந்து தொங்கும் பேலியான் என்ற கடின மரக் கம்பங்களில் ஏறித்தான் கூடு எடுக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கும்போதே எனக்குக் கால் கூசியது.

மறுபுறம் வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் ஓவியக் குகை. சுவரில் சிவப்பு நிறத்தில் படகுகளும் ஆடும் மனிதர்களும். நிறம் மங்கிவிட்டது, கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். இங்கே படகு வடிவச் சவப்பெட்டிகளும் கிடைத்தன. இறந்தவர்களைப் படகேற்றி அனுப்பியவர்கள், அந்தப் பயணத்தைத்தான் சுவரிலும் வரைந்திருக்க வேண்டும்.

பூங்காவிலேயே தங்குகிறவர்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டு மாலை வரை மேற்கு வாயில் இருங்கள். குருவிகள் உள்ளே வர, வௌவால்கள் வெளியே கிளம்ப, இரண்டும் ஒரே நேரத்தில் குகை வாயில் கலக்கும். திரும்பும் வழி முழுக்க இருட்டுதான், டார்ச்சுக்கு மாற்று பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள்.