பறிபோன தேன்நெல்லியும் பார்க்காத டன்னார்ட்டும்: கங்காரு தீவில் மூன்று நாள்

ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவிலிருந்து திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. காரில் ஒட்டிய செம்மண் இன்னும் போகவில்லை. கிரெடிட் கார்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். எங்கே தங்கலாம், எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மண்டைக்குள் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதை இறக்கிவைக்கிறேன்.

அடிலெய்டிலிருந்து காரில் கேப் ஜெர்விஸ், அங்கிருந்து 45 நிமிடக் கப்பல். காரையும் ஏற்றினால் கட்டணம் எகிறிவிடுகிறது. அந்த வயிற்றெரிச்சலோடு வரிசையில் நின்றபோது ஒரு அறிவிப்பைப் பார்த்தேன்: தீவுக்குள் தேன் கொண்டுபோகக் கூடாது. என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது போட்டுக்கொடுத்த தேன்நெல்லி ஒரு முழு பாட்டில் கூடையில் இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள், நான் குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். இத்தாலியிலிருந்து வந்த லிகூரியன் தேனீக்களைக் கலப்பில்லாமல் காக்க 1885-லேயே சட்டம் போட்ட தீவு அது. நரியும் முயலும்கூட அங்கே கிடையாது. இவ்வளவு கறாரான ஊரில் பூனை மட்டும் குடியேறிகளோடு கப்பலில் வந்திறங்கி, காட்டுக்குள் போய்ப் பெருகிவிட்டது. நரியும் இல்லை, டிங்கோ என்ற காட்டு நாயும் இல்லை என்றால் பூனைக்குப் போட்டி யார்?

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் நாங்கள் தங்கிய பண்ணை வீட்டின் சொந்தக்காரர். ஆட்டுப் பண்ணைக்காரர் பூனையைத் திட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பூனையின் மலத்தில் வரும் கிருமி புல் வழியாக ஆட்டுக்குள் போகிறது. டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி வந்தால் சினை ஆடு கருக்கலைந்துவிடும். இன்னொரு கிருமி இறைச்சிக்குள் அரிசிமணி போலக் கட்டி கட்டியாக நிற்கும். அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டியதுதான். “பறவைகளைக் காப்பவர்களுக்கு மட்டும்தான் பூனை எதிரி என்று நினைத்தாயா?” என்று கேட்டுவிட்டு, தட்டு நிறையக் கிங் ஜார்ஜ் வைட்டிங் வறுத்து வைத்தார். அந்த மீனுக்காகவே இன்னொரு தடவை கப்பல் காசு கட்டுவேன். முள் குறைவு, சதை வெண்ணெய். எலுமிச்சை பிழிந்து, நாங்கள் கொண்டுபோயிருந்த மிளகாய்த்தூளைத் தூவியதும் அவரும் கேட்டு வாங்கித் தூவிக்கொண்டார்.

இரண்டாம் நாள் இரவு விலங்கு பார்க்கும் உலா. ஆளுக்கு வாங்கிய காசுக்கு சென்னையில் ஒரு வாரம் ஆட்டோவில் சுற்றலாம். டமார் வல்லபி என்ற குட்டைக் கங்காருகள் ஏராளம், மரமேறும் போசம் ஒன்று. நான் பார்க்க ஏங்கியது டன்னார்ட். சுண்டெலி அளவுதான் இருக்கும், ஆனால் எலி அல்ல. கங்காரு போலப் பையில் குட்டி வளர்க்கும் பிராணி. உலகத்தில் இந்தத் தீவின் மேற்குப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. 2019-20 கோடைத் தீயில் தீவின் கிட்டத்தட்ட பாதி எரிந்தபோது அதன் காடு பெரும்பாலும் போய்விட்டது. மறைய ஒரு புதர்கூட இல்லாத கரிக்காட்டில் பூனைக்குக் கொண்டாட்டம். தீக்குப் பிறகு பிடித்த 86 பூனைகளின் வயிற்றைப் பார்த்ததில் 7 பூனைகளுக்குள் டன்னார்ட் இருந்ததாம். மிச்சமிருப்பதே சொற்பம் என்னும்போது இது சின்ன எண்ணிக்கை இல்லை. தப்பியவற்றுக்காக வெஸ்டர்ன் ரிவர் பக்கம் பூனை ஏற முடியாத வேலி போட்டு ஒரு சரணாலயம் அமைத்திருக்கிறார்கள்.

டன்னார்ட் வரவில்லை. விளக்கொளியில் இரண்டு பச்சைக் கண் மின்னியது. சாம்பல் வரிப் பூனை, கொழுகொழுவென்று. “அச்சோ, நம்ம குட்டி மாதிரியே இருக்கு!” என்றாள் மனைவி. குட்டி எங்கள் வீட்டுப் பூனை. வழிகாட்டி சிரிக்கவில்லை. போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். உங்கள் பூனை ராத்திரி எங்கே தூங்கும் என்று மட்டும் கேட்டார். வெளியே விட்டுவிடுவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீவில் வீட்டுப் பூனைக்கே பதிவு, சிப், கருத்தடை எல்லாம் கட்டாயம்.

காட்டில் திரியும் பூனைக்கு வைத்திருக்கும் பொறிதான் என்னை அசத்தியது. பெலிக்சர் என்று ஒரு பெட்டி. கடந்துபோவது பூனைதானா என்று லேசரால் அதன் உருவத்தை அளக்கும். ஆம் என்றால் ரோமத்தின் மேல் விஷப் பசையைப் பீய்ச்சும். சுத்தக்காரப் பூனை அதை நக்கி நக்கியே செத்துப்போகும். கேட்டதும் வயிறு பிசைந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூண்டும் துப்பாக்கியும் மட்டும் போதாத அளவுக்குப் பெரிய தீவு, 150 கிலோமீட்டர் நீளம். முதலில் கிழக்கே டட்லி தீபகற்பத்தை, கழுத்து மாதிரி ஒடுங்கிய இடத்தில் வேலி போட்டுச் சுத்தம் செய்கிறார்கள். கப்பலிலிருந்து பென்னஷாவில் இறங்கி மேற்கே போகிற எல்லோரும் அந்தக் கழுத்தைத் தாண்டித்தான் போகிறோம். போகும்போது நான் கவனிக்கவே இல்லை, டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பெட்ரோலைக் கேப் ஜெர்விஸுக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். இருட்டில் கார் ஓட்டாதீர்கள், வல்லபி குறுக்கே பாயும். தங்குமிடச் செலவை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

திரும்பி வந்த அன்று இரவு குட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். விடியும்வரை கத்தியது. காலையில் அத்தை போன்: “தேன்நெல்லி நல்லா இருந்ததா மாப்பிள்ளை?” ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன்.