படகுக் குறிப்புகள்

பிப்ரவரி 7

தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று. ஒழுகும் அலுமினியப் படகை ஆற்றில் இறக்கி உள்ளே உட்கார்ந்து தேடுவதைவிட, தரையில் வைத்து உள்ளே தண்ணீர் நிரப்பினால் எந்த ஆணி சொட்டுகிறதென்று வெளியிலிருந்தே தெரிந்துவிடும். அடியில் வரிசையாகக் கட்டை கொடுத்த பிறகுதான் ஊற்றினேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ. முட்டு இல்லாவிட்டால் தகடு தொய்ந்துவிடும். சொட்டிய ஆணிகளை, அதாவது தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டேன். மூன்றாம் விலாவுக்கு, அதாவது குறுக்குச் சட்டத்துக்கு, பக்கத்தில் இருப்பது மட்டும் சொட்டவில்லை, கசிகிறது. துடைத்தால் காய்ந்தமாதிரி இருக்கிறது, கண்ணை எடுத்ததும் மறுபடி ஈரம். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தார்.

பிப்ரவரி 8

அப்பாவின் ரிசல்ட் வரவில்லை.

பிப்ரவரி 11

இருக்கைக்கு அடியில் இருந்த ஃபோமைப் பெயர்த்தேன். பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது. படகு கனத்ததெல்லாம் இதனால்தான். ஆனால் மிதவை இல்லாமல் விடவும் முடியாது. கவிழ்ந்தால் அலுமினியம் நேராக அடிக்குப் போய்விடும். தெர்மகோல் மலிவு, பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். பார்சலில் வரும் பாலிஎதிலீன் ஃபோம் அட்டைகளைச் சேர்த்து வைக்கிறேன். அது தண்ணீரைக் குடிக்காது, காசும் இல்லை.

பிப்ரவரி 14

மோட்டார் மாட்டும் பின்பலகை போய்விட்டது. ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. உளுத்த பலகையையே அச்சாக வைத்துப் புதியதை வெட்ட வேண்டும். செம்பு மருந்து ஏற்றிய மரம் உளுக்காது என்று ஆசை காட்டினார்கள். ஈரத்தில் அந்தச் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும், தொடாதே என்றார் அப்பா. பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் செம்பு பெயின்ட்டும் இதற்கு ஆகாது. சாதா மரைன் ப்ளைவுட், ஓரங்களுக்கும் போல்ட் துளைகளின் உட்சுவருக்கும் எபாக்சி பிசின் பூச்சு. மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

பிப்ரவரி 15

இப்போது படகு அவசியமா என்று அம்மா கேட்டாள். இப்போதுதான் அவசியம் என்றேன். அப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 19

நாளைக்குச் சொல்கிறோம் என்கிறார்கள். மூன்றாம் விலா இன்னும் ஈரம்.

பிப்ரவரி 20

தளர்ந்த ரிவெட்டுகளை இறுக்கினோம். ஒருவர் வெளியே தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் உள்ளிருந்து வாலைத் தட்ட வேண்டும். இரும்பைப் பிடித்தது அப்பா. டம்ளர் பிடிக்கும்போது நடுங்குகிற கை, இதில் அசையவே இல்லை. “ஓங்காதே, தட்டு” என்றார். தளர்ந்த ஆணி டொக்கென்று கேட்கும். இறுகியதும் டங்கென்று மாறும். அந்த ஓசை மாறும்போதெல்லாம் அவர் தலையாட்டினார்.

மூன்றாம் விலாவில் ஓசை மாறவில்லை. ஆணியைத் துளைத்து எடுத்துப் பார்த்தால் துளை முட்டைவடிவமாகத் தேய்ந்திருக்கிறது. ஒரு சைஸ் பெரிய ரிவெட் போட வேண்டும், வெளியே நீட்டும் வால் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு. ஒரு பக்கமிருந்தே பொருத்தும் பாப் ரிவெட் என்றால் முனை மூடியதுதான்; மற்றதில் நடுத்துளை வழியே தண்ணீர் வரும்.

பிப்ரவரி 23

அட்மிட் செய்துவிட்டார்கள்.

பிப்ரவரி 24

பெரிய ரிவெட்டைப் பக்கத்து வீட்டுத் தம்பியை இரும்பு பிடிக்கச் சொல்லி அடித்தேன். டங். அப்பாவிடம் போனில் சொன்னேன். “சீலண்ட் தடவினாயா?” பாலியூரித்தேன்தான் தடவினேன், சிலிக்கான் இல்லை. சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் ஒட்டாது. முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் எப்படிப் போகும்?

பிப்ரவரி 26

தூக்கமில்லை. பலகைக்கு இரண்டாம் பூச்சு.

மார்ச் 4

தகட்டைத் தேய்க்கிறேன். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துகள் தகட்டில் பதிந்து அங்கேயே அரிப்பைத் தொடங்கும்; நைலான் போதும். தேய்த்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும், காற்றுப் பட்டாலே ஆக்ஸைடு படிந்துவிடும். பாதிகூட முடியவில்லை, அம்மா போன் செய்தாள், டாக்டர் கூப்பிடுகிறாராம். மீதியை வந்து தேய்க்கிறேன்.