ஏறும்போது சூடு, ஏரிக்கரையில் ஐஸ்

அம்மாவுக்குப் பாதம் சில்லிட்டால் அன்றைக்கு எங்கள் இருவருக்குமே பொழுது நல்லபடி போகாது. டிசம்பர் கடைசியில் ஏற்காட்டில் இரண்டு ராத்திரி வண்டியிலேயே தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்பினோம். வெளியே 13 டிகிரி. ஹீட்டர் குமிழைச் சிவப்புக் கோடு முடியும் வரை திருப்பியும் ஈரத் துண்டை வீசினாற்போலத்தான் காற்று வந்தது. "இதுக்கா மூணு லட்சம் செலவு பண்ணி வண்டிக்குள்ள கட்டில் போட்ட?" என்றார் அம்மா. மூன்று கொண்டை ஊசி வளைவு தாண்டும் வரைக்கும் அதே கேள்விதான்.

எங்களுடையது 12 சீட் பழைய வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, சின்ன சிங்க் எல்லாம் சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில் வைத்துக் கட்டியது. வீட்டில் அதற்குப் பெயர் வண்டிவீடு. சேலத்தில் நிற்கும் வரை அதற்கு ஒரு ஹீட்டர் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. அதுதான் வினை என்று பின்னால் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், மேலே ஏறும்போது ஹீட்டர் பிரமாதம். அடிவாரத்திலிருந்து 20 வளைவையும் இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறினால் பாதி வழியிலேயே வியர்த்துவிடும். ஏரிக்கரைக்கு வந்து படகுத்துறைக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஊர்ந்தால் போதும், சூடு போயே போச்சு. இறங்கும்போது சுத்தமாக இல்லை.

போன வருஷம் வரை, ஹீட்டர் என்றால் இஸ்திரிப் பெட்டி மாதிரி உள்ளே ஒரு சுருள் பழுக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றி வரும் திரவமான கூலன்ட் சூடானதும் அதில் கொஞ்சம் இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. ஃபேன் அதன் மேல் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். மலை இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் கால் வைப்பதே இல்லை. டீசல் எரியாமல் சூடு எங்கிருந்து வரும்? சரி, அது நியாயம். ஆனால் அதற்காக இவ்வளவு சீக்கிரமா ஆறிப்போகும்?

வீட்டுக்கு வந்து, ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டி, இஞ்சினை அணைத்துவிட்டு, துணி சுற்றிய கையால் அந்த இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் நன்றாகச் சுட்டால் கோளாறு காற்றுப் பக்கம்: காற்று வழியைத் திறந்து மூடும் மூடியை இழுக்கும் கேபிளோ, ஃபில்டரோ. ஒன்று சுட்டு இன்னொன்று ஆறியிருந்தால் குட்டி ரேடியேட்டர் அடைப்பு. எனக்கோ இரண்டுமே வெதுவெதுப்பு, குழந்தையைக் குளிப்பாட்டலாம். அப்படியானால் வரும் தண்ணீரே சூடாக வரவில்லை. மறுநாள் காலையில் ஆறின வண்டியை ஸ்டார்ட் செய்து பெரிய ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைத்தேன். இஞ்சின் சூடேறும் வரை அது சில்லென்றே இருந்து, தெர்மோஸ்டாட், அதாவது அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வு, திறந்த பிறகுதான் திடீரென்று சுட வேண்டும். இது முதல் நிமிஷத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானது.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். "டெம்பரேச்சர் முள்ளு கீழயே நிக்குது, நல்லதுதானுங்கக்கா" என்றார். கழற்றிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. வெறும் கூடு. "முந்தின ஓனரு எடுத்திருப்பாருங்க. நம்ம ஊரு வெயிலுக்கு நாங்களே எடுத்து விடுறதுதான்." எனக்கு வந்த கோபத்தை அவரிடம் காட்டிப் பிரயோஜனமில்லை. ஊரில் பாதிப் பேர் செய்வது இது. வண்டி கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பா, ஃபேன் பெல்ட்டா என்று பார்க்காமல் தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். பிறகு தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டரைச் சுற்றுகிறது, இஞ்சின் பச்சையாகவே ஓடுகிறது, டீசலும் கூடக் குடிக்கிறது.

புதுசு நானூறு சொச்சம் ரூபாய். மேலே 82 என்று குத்தியிருந்தது, அது திறக்க வேண்டிய டிகிரி. மாட்டுவதற்கு முன் பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பேற்றினேன். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும். தெர்மாமீட்டர் 80ஐத் தாண்டியதும் பூ மலர்கிற மாதிரி மெல்லத் திறந்தது. "இதையும் வேகவைக்க ஆரம்பிச்சுட்டியா" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

மாட்டியபின் முள் பாதியில் வந்து நின்றது. சூடும் வந்தது, ஆனால் அரைகுறை. இப்போது ஒரு ஹோஸ் சுடுகிறது, திரும்பி வருவது சுடவில்லை. அடைப்பு! வருஷக்கணக்கில் கூலன்ட்டோடு போர்வெல் தண்ணீரையே கலந்து ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தால் தெரியும். வண்டி ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியே வரும் பக்கத்திலிருந்து மாடித் தொட்டிக் குழாயை மெதுவாகத் திறந்துவிட்டேன். வேகமாக விட்டால் அந்தக் குட்டி ரேடியேட்டர் பிளந்துகொள்ளும். முதலில் டீக்கடை டிக்காஷன், பிறகு செதில் செதிலாகச் சுண்ணாம்பு, இருபது நிமிஷத்தில் தெளிந்தது. வழிந்த பழைய கூலன்ட்டை பக்கெட்டில் பிடித்து மூடி வைத்தேன். அது இனிக்குமாம், தெருநாய் நக்கினால் செத்துவிடும்.

கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றினேன். அன்றைக்கு டேஷ்போர்டுக்குள் களுக் களுக் என்று சத்தம், காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்றமான சாலையில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியை ஆறியிருக்கும்போதே திறந்து வைத்து, ஹீட்டரை முழுசாக வைத்து இஞ்சினை ஓடவிட்டேன். குமிழி வரவர ஊற்றிக்கொண்டே இருந்தால் சத்தம் நின்றுவிடும்.

சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு பழைய பவானி ஜமக்காளத்தைத் திரையாகத் தொங்கவிட்டதும் பாதி வேலை செய்தது. டேஷ்போர்டு ஹீட்டரால் இருவர் உட்காரும் இடத்தைத்தான் சூடாக்க முடியும், கட்டில் வரைக்கும் அல்ல. ராத்திரிக்குக் கம்பளிதான். இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு வண்டிக்குள் தூங்குவது வேண்டவே வேண்டாம், புகை உள்ளே வந்தால் எழுந்திருக்கவே மாட்டோம்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் மறுபடி போய்வந்தோம். இறங்கும்போது பதினோராவது வளைவில் அம்மா ஸ்வெட்டரைக் கழற்றினார். என் பக்கம் மட்டும் இன்னும் வெதுவெதுப்புதான், மூடியின் கேபிள் நழுவியிருக்கும் போல, டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். "அது அப்படியே இருக்கட்டும்டி," என்கிறார் அம்மா, "ஓட்டுறவளுக்குத் தூக்கம் வரக் கூடாதுல்ல."