தேதி பார்த்துப் பூக்க வைத்த கதை

குடியிருப்போர் சங்கத்து அறிவிப்புப் பலகையில் "வீட்டுப் பூந்தோட்டப் போட்டி" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். படித்துவிட்டுச் சும்மாதான் வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "இருபத்தேழு தொட்டி வைச்சிருக்கீங்க, பேரைக் குடுத்தா என்ன?" என்று அவரே என் பெயரையும் எழுதிவிட்டு வந்துவிட்டார்.

தரைத் தோட்டம், தொட்டித் தோட்டம், மாடித் தோட்டம் என்று மூன்று பிரிவுகள். எனக்குத் தொட்டி. படிவத்தோடு மூன்று புகைப்படம் கேட்டிருந்தார்கள்: பதியும் நாளில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, கடைசி வாரத்தில் ஒன்று. செடிகள் குறைந்தது 60 நாளாவது அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்றொரு விதியும் இருந்தது. முதல் நாள் பூத்த தொட்டிகளை வாங்கி அடுக்கிவிட்டு மறுநாள் பரிசு கேட்பவர்களைத் தடுக்கத்தான்.

மதிப்பெண் பட்டியல் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. செடிகளின் ஆரோக்கியம் 30, பூக்கள் 25, அமைப்பு 20, பராமரிப்பும் சுத்தமும் 15, நீரும் உரமும் 10. பூந்தோட்டப் போட்டியில் பூவுக்குக் கால் பங்குதான்! எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நானும் திருப்பிப் பார்த்தேனே தவிர, மனசு முழுக்கப் பூவில்தான் இருந்தது.

நடுவர்கள் வர 75 நாள் இருந்தது. எந்தத் தேதி என்று சொல்லவில்லை, கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு நாள். நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணினேன். குட்டை ரகச் செண்டுமல்லி விதைத்து 45 முதல் 60 நாளில் பூக்கும். ஜினியாவும் ஏறக்குறைய இரண்டு மாதம். ரோஜாவுக்குக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த பிறகு ஆறேழு வாரம் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தால் ஒரே வாரத்தில் பூத்து ஒரே வாரத்தில் வாடும். அதனால் செண்டுமல்லியை மட்டும் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவையாக விதைத்தேன். இந்த ஒரு முடிவை நான் ஒழுங்காக எடுத்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

ரோஜாக் கவாத்துதான் வீட்டில் சண்டையானது. நன்றாகத் தளிர்த்திருந்த செடி. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக ஒரு வெட்டு. பாதிச் செடி தரையில் கிடந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லா இருந்ததை மொட்டையடிச்சுட்டியே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. செண்டுமல்லி நாற்றின் நுனியைக் கிள்ளும்போதும் இதே கதைதான். முதல் மொட்டு எட்டிப் பார்க்கும் நேரத்தில் அதைக் கிள்ளி எறிய எந்த விரலுக்கு மனசு வரும்? கிள்ளினால் பக்கக் கிளைகள் வந்து ஒன்றுக்குப் பத்தாகப் பூக்கும் என்று தெரியும். தெரிந்தும் இரண்டு செடியைக் கிள்ளாமல் விட்டேன். அவை ஒற்றைக் குச்சியாக வளர்ந்து தலையில் ஒரே ஒரு பூவோடு நின்றன.

மூன்றாவது வாரம் செம்பருத்தியில் எறும்பு வரிசை கண்ணில் பட்டது. எறும்பு போகிற இடத்துக்கு நாமும் போனால் மாவுப்பூச்சி இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. பூச்சி சாறு உறிஞ்சிக் கசியவிடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்தேன். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்தேன். வாரம் ஒரு முறை, நான்கு வாரம். வெயிலில் தெளித்து இலையைக் கருக்கியது போன வருட அனுபவம், அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

இனி சாமந்தி விஷயம். எட்டுத் தொட்டி சாமந்தியை நம்பித்தான் அமைப்பையே திட்டமிட்டிருந்தேன். ஐந்து தொட்டி வாசல்படிக்கு இருபுறமும், மற்ற மூன்றும் பக்கச் சுவரோரம். நாற்பதாவது நாள் வாக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சுவரோரத்துச் செடிகளின் நுனியில் மிளகு மிளகாக மொட்டு தெரிந்தது. வாசல் செடிகளைப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இலை மட்டும் கரும்பச்சையாய், கொழுகொழுவென்று. ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த கன்றுகள், ஒரே மண்கலவை, ஒரே உரம். வாசல் பக்கம் வெயில்கூட அதிகம். மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

நான்காம் நாள் இரவு கதவைப் பூட்டப் போனபோது விளங்கியது. வாசல் விளக்கு! அந்த வருடம்தான் மங்கலான பழைய பல்பை எடுத்துவிட்டுப் பளிச்சென்று ஒரு எல்இடி மாட்டியிருந்தோம். அம்மாவுக்கு வாசல் இருட்டாக இருந்தால் பயம் என்பதால் அது விடிய விடிய எரியும். அந்த ஐந்து தொட்டியும் நேராக அதன் அடியில்.

சாமந்தி இரவின் நீளத்தை அளந்து பூக்கிற செடி. நீண்ட இருட்டு இடையில் கலையாமல் கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். நடுராத்திரியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டால்கூடக் கணக்குத் தப்பிவிடும். பூ வியாபாரத்துக்குச் சாமந்தி வளர்ப்பவர்கள் பூப்பதைத் தள்ளிப்போட இரவில் வேண்டுமென்றே விளக்குப் போடுவார்கள். 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இந்தப் பகல்-இரவு நீளக் கணக்கை எழுதி வெளியிட்டார்கள். கோடையில் பூக்காமல் வெறுமனே உயர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகம்தான் அவர்களை அதில் கொண்டுபோய் விட்டது. நூறு வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்ததை நான் என் வாசல்படியில் மறுபடி கண்டுபிடித்தேன், பரிசுக்கு முப்பது நாள் இருக்கும்போது.

விளக்கை அணைக்க அம்மா சம்மதிக்கவில்லை. சரி என்று தினமும் பொழுது சாயும்போது ஐந்து தொட்டியையும் ஒவ்வொன்றாகக் கொல்லைப்புறம் தூக்கிக்கொண்டு போய், காலையில் திரும்ப வாசலுக்கு. ஈரமண் நிறைந்த பத்து அங்குலத் தொட்டியின் கனம் முதுகுக்குத்தான் தெரியும். இருட்டு கிடைக்க ஆரம்பித்த நாளிலிருந்து பூ விரிய எட்டு வாரமாவது ஆகும் என்பது எனக்குத் தெரியும். தேதி தாண்டித்தான் பூக்கும். ஆனாலும் தூக்கினேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

நடுவர்கள் மூன்று பேர், ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்கு வந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் இருந்தார்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதால் தெரியும். அந்த நேரத்தில், காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும் டேபிள் ரோஸ் முழுசாக விரிந்திருந்தது. அடுத்த தெருவுக்கு அவர்கள் போனது மாலை நாலு மணிக்கு. அங்கே ஒரு வீட்டில் மாடிக் கைப்பிடிச் சுவர் நீளத்துக்கு அதே பூதான், எல்லாம் மூடிக்கொண்டு கிடந்ததாம். அந்த வீட்டுக்காரருக்கு இது அநியாயம்தான். பத்து மணிப் பூவைக் காலையிலேயே பார்க்க வேண்டும் என்று விதியில் எழுதவா முடியும்?

ஒரு நடுவர் காகிதப்பூச் செடியைக் காட்டி, "இதில் பூ எது?" என்று கேட்டார். சிவப்பாகத் தெரிவது இலை வகை, நடுவில் இருக்கும் வெள்ளைப் பொட்டுதான் பூ என்றேன். சிரித்தார், எதையோ எழுதினார். வயதான இன்னொருவர் பூவைப் பார்க்கவே இல்லை. ஒரு ரோஜாத் தொட்டியைச் சாய்த்து அதன் அடியைப் பார்த்தார். தரையில் பழுப்பு வளையம், தொட்டியின் ஓட்டையில் வெளியே எட்டிப் பார்த்த வேர், அதில் ஒட்டிய பாசி. "ரொம்ப நாளா இங்கேயே இருக்கு" என்று மற்றவர்களிடம் சொன்னார். இன்னொரு வீட்டில் பதினைந்து புதுத் தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் தரை பளபளவென்று இருந்ததாம். படிவத்தோடு கொடுத்த முதல் படத்திலும் அந்தத் தொட்டிகள் இல்லையாம். அந்த வீட்டுக்கு என்ன மதிப்பெண் என்று நான் கேட்கவில்லை.

தொட்டிப் பிரிவில் எனக்கு இரண்டாம் இடம். முதலிடம் வந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். என்னைவிடப் பூ குறைவு. ஆனால் ஒரு மஞ்சள் இலை கிடையாது, வாடிய பூ ஒன்றுகூடச் செடியில் இல்லை, உயரமான தொட்டி பின்னால், குட்டை முன்னால். மதிப்பெண் தாளில் எனக்கு எழுதியிருந்தது இரண்டே வரி: "தொட்டிகள் ஒரே உயரத்தில் வரிசையாக உள்ளன. வாசல் சாமந்தியில் மொட்டு மட்டுமே."

மொட்டு என்றாவது எழுதினார்களே!

போட்டி முடிந்து நாலாவது வாரம் அந்த ஐந்தும் சேர்ந்து பூத்தன. இலையே தெரியாத அளவுக்கு மஞ்சள். பக்கத்து வீட்டு அக்கா வெளிக்கதவருகே நின்று, "போட்டி முடிஞ்சுபோச்சுன்னு இதுங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்றார். அன்று சாயங்காலம் தொட்டிகளைத் தூக்கவில்லை. விளக்கை என்ன செய்வது என்று அம்மா கேட்டார். பூ விரிந்த பிறகு அது எரிந்தால் என்ன, எரியட்டும் என்றேன்.