பழி யாருடையது?

நேற்று மீட்டிங்குக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். "டிராஃபிக்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இன்னொருவர் மூச்சு வாங்க வந்தார். 'பொறுப்பே இல்லாத ஆள்' என்று மனசு உடனே தீர்ப்பு எழுதிவிட்டது! நமக்கு வந்தால் சூழ்நிலை, அடுத்தவருக்கு வந்தால் குணம். தலைவர்கள் என்றால் இன்னும் மோசம். பிடித்தவருக்கு மட்டும் எப்போதும் சூழ்நிலை சரியில்லை.

1944 ஜூன் 5. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் தரையிறங்குவதற்கு முந்தைய நாள். தோற்றால் வெளியிடுவதற்காக, அந்தப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் ஒரு துண்டுத்தாளில் குறிப்பு எழுதி வைத்தார். முதலில் 'இந்த நடவடிக்கை' என்று எழுதியவர், அதை அடித்துவிட்டு 'தாக்குவதென்ற என் முடிவு' என்று மாற்றினார். பழி ஏதாவது இருந்தால் அது தன் ஒருவனுடையது என்று முடித்தார். (தேதியை மட்டும் ஜூலை 5 என்று தப்பாகப் போட்டுவிட்டார். அவரும் மனுஷன்தானே.) எனக்கு அந்தக் குறிப்பைவிட அந்த அடித்தல்தான் பிடித்திருக்கிறது. 'அது நடந்தது' என்பதை 'நான் செய்தேன்' என்று மாற்ற ஒரு கோடு போதும், ஆனால் கை வர வேண்டுமே.

சரி, நேற்று டிராஃபிக் எல்லாம் ஒன்றும் இல்லை. நான் கிளம்பியதே லேட்.