சவரக்கத்திக்கு இயற்கைக் கல்: விற்கிறவர் சொல்லும் பெயரை விட்டுத்தள்ளுங்கள்

சவரக்கத்தி தீட்டும் கற்களில் பெயர் பெற்றவை இரண்டு: பெல்ஜியத்துக் கோத்திக்யூல், ஜெர்மனியின் எஷர். பிரான்சில் பழைய பொருள் விற்கிறவர்களுக்கு மஞ்சளாக இருந்தால் அது கோத்திக்யூல், சாம்பலாக இருந்தால் எஷர். அதற்கு மேல் ஆராய்ச்சி கிடையாது, ஆனால் விலை மட்டும் அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரி கச்சிதமாக இருக்கும். இங்கே இந்தியப் பெருங்கடலில், பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் உட்கார்ந்துகொண்டு நாலு மங்கலான படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவன் கதி அதோகதிதான். முடிவெட்டுபவர் ஒருவரின் பழைய பெட்டியில் இருந்தவை என்று சொல்லி ஒருவர் மூன்று சாணைக்கற்களை ஒன்றாக விற்றார். ஒன்று 'பெல்ஜியம்', அதாவது கோத்திக்யூல், ஒன்று எஷர், மூன்றாவது 'ஏதோ கூரை ஓட்டுத் துண்டு, சும்மா வைத்துக்கொள்ளுங்கள்.' விலையில் பெரும்பங்கு எஷருக்கு.

கல் கைக்கு வரும் முன்பே எரிச்சல் தொடங்கிவிட்டது. மெத்ரோபோலிலிருந்து (ஐரோப்பாவில் உள்ள பிரான்சிலிருந்து) வருகிற பார்சலும் இங்கே சுங்கம் தாண்டித்தான் வரும், தீவுக்குள் வருகிற பொருளுக்கான ஒக்த்ருவா த மேர் வரி ஒரு பக்கம், 8.5% டிவிஏ (மதிப்புக் கூட்டு வரி) ஒரு பக்கம் என்பதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அனுப்பியவர் சுங்கப் படிவத்தில் 'பழைய கற்கள்' என்று மட்டும் எழுதி, விலைக் கட்டத்தை அப்படியே விட்டிருந்தார். கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு அது என்ன கல், எதற்கு, எவ்வளவு என்று எல்லாம் தெரிய வேண்டும், அதுவும் இன்வாய்ஸாக. தனி ஆள் விற்றதற்கு இன்வாய்ஸ் எங்கிருந்து வரும்? பணம் கட்டியதை போனில் காட்டினேன், காகிதத்தில் வேண்டும் என்றார். அச்செடுத்துக்கொண்டு திரும்பி ஓடினால் மதிய சாப்பாட்டுக்குக் கவுண்டரை மூடிவிட்டார்கள். மறுபடி போனபோது இருந்தவர் வேறு ஒருவர், காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நான் வாயால் சொன்ன விலைக்கு வரியைப் போட்டு பார்சலைத் தள்ளினார்! நீங்கள் வாங்கினால், 'பயன்படுத்திய சாணைக்கல்' என்று விலையோடு எழுதச் சொல்லுங்கள், கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு ஒன்றைப் பெட்டியின் வெளியே உறையில் ஒட்டச் சொல்லுங்கள்.

மூன்றும் வந்தபோது எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்தன. அந்த நிலையில் எந்தக் கல்லையும் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான நீர், பழைய பல் துலக்கி, பொறுமை. கொதிநீர் மட்டும் வேண்டாம். பழைய கோத்திக்யூல்களில் மஞ்சள் அடுக்கைச் சிலேட்டுக் கல்லின் மேல் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், சூட்டில் பசை விட்டுக்கொண்டால் மெல்லிய அடுக்கு உடைந்து போகும். பிறகு தட்டையான கண்ணாடி மேல் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் வைத்துக் கல்லின் முகத்தைச் சமன் செய்தேன். எப்போதும் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது.

'பெல்ஜியம்' முதலில் விழுந்தது. நிஜக் கோத்திக்யூல் பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப்பக்கம் வியல்சாம் வட்டாரத்துப் பாறை. கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் துகள் நிறைந்த வெளிர் மஞ்சள், நெளிந்த கோடுகள், அங்கங்கே கறுப்புப் புள்ளி, தேய்த்தால் பால் மாதிரி குழம்பு வரும், தண்ணீரை உறிஞ்சாது. இதுவோ ஒரு சொட்டு விட்டதும் குடித்தது. பூதக்கண்ணாடியில் ஒரே அளவு மணிகள், நுண்துளைகள். இது முடிவெட்டுபவர்களுக்காக ஆலையில் செய்த பார்பர் கல். சின்ன அளவில் கச்சிதமாக வருகிற இந்தக் கற்கள்தான் இயற்கைக் கல் என்ற பெயரில் அதிகம் கைமாறுகின்றன.

எஷர்தான் என்னை அதிகம் படுத்தியது. எஷர் என்பது ஜெர்மனியில் துரிங்கியாவின் சோன்னபெர்க் ஊரில் இருந்த கம்பெனி. கல் மென்மையான சிலேட்டு வகை, தேய்த்தால் வெளிறிய குழம்பு சுலபமாக வரும். விற்றவரின் ஒரே சாட்சி, ஓரத்தில் ஒட்டியிருந்த எழுத்தில்லாத காகிதக் கிழிசல்! நான் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம், குழம்பு என்ற பேச்சே இல்லை. இரும்பு ஆணியால் கீறினால் கல்லில் கோடு விழாமல் ஆணியின் உலோகம்தான் அதில் ஒட்டியது. இருட்டில் டார்ச்சை ஓரத்தில் வைத்தபோது வெளிச்சம் உள்ளே ஊடுருவியது. சிலேட்டில் அது நடக்காது.

கடைசி சாட்சி சமையலறைத் தராசு. இது எல்லோரும் செய்யக்கூடியது. கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் முழுதாக மூழ்க விடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் கல்லின் கன அளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. சிலேட்டு வகைகள் பொதுவாக 2.7, 2.8 பக்கம் வரும். அமெரிக்காவிலிருந்து வருகிற ஆர்கன்சா கல் கிட்டத்தட்ட முழுக்கவே குவார்ட்ஸ், அதனால் 2.65-ஐத் தாண்டாது. என்னுடையது அதற்குக் கீழே நின்றது, ஆக இது எஷர் அல்ல, ஆர்கன்சா. ஆர்கன்சா நல்ல கல்தான், எண்ணெய் விட்டுப் பொறுமையாகத் தீட்டினால் வழவழப்பான கூர் தரும், ஆனால் அதற்கு எஷர் விலை கிடையாது.

நடுவில் பக்கத்து வீட்டுக்காரர், 'தீவே கல், இதற்குப் பணம் கொடுத்தீரா?' என்று சிரித்தார். இங்குள்ள எரிமலை பித்தோன் த லா ஃபுர்னேஸ் கக்கிய பசால்ட்டில் துளையும் ஓலிவின் என்ற பச்சைக் கனிம மணியும் தான் அதிகம். கரும்பு வெட்டும் கத்திக்கு ஆகலாம், கன்னத்தில் வைக்கிற கத்திக்கு ஆகாது.

கூரை ஓட்டுத் துண்டு என்றார் அல்லவா, அதைத் தேய்த்தபோது வந்த குழம்பு ஊதா கலந்த நீலம். பக்கவாட்டில் மயிரிழை அளவுக்கு மஞ்சள் கோடு. பெல்ஜியத்து நீலக்கல்! கோத்திக்யூலுக்கு ஒட்டியே கிடைக்கிற பாறை, கார்னெட் குறைவு, அதனால் மெதுவாக வேலை செய்யும். பிரான்சின் தியேர் ஊர்ச் சவரக்கத்தி ஒன்றை முதலில் சொரசொரப்பான 1000 கிரிட் கல்லில் விளிம்பின் சரிவு பிடித்து (இதைச் செய்யாமல் எந்த நுண்மணிக் கல்லையும் சோதிக்காதீர்கள், பழி கல் மேல் விழும்), நீலக்கல்லில் குழம்போடு தொடங்கிக் குழம்பை நீர்க்க விட்டு, வெறும் தண்ணீரில் முடித்து, தோல்வாரில் தீட்டினேன். தாடை ஓரத்திலும் எரிச்சல் இல்லாமல் மழித்தது.

இனி யாரிடம் வாங்கினாலும் நனைத்த நிலையில் நாலு பக்கவாட்டுப் படமும், வெள்ளைத் தட்டில் தேய்த்த குழம்பின் படமும் கேட்பேன். தர மறுக்கிறவரிடம் பேரம் பேசுவதே வீண். விற்றவருக்கு அடர்த்திக் கணக்கோடு எழுதினேன். தாத்தா காலத்திலிருந்து அது எஷர்தான் என்று கொஞ்ச நாள் மல்லுக்கட்டி, அப்புறம் வித்தியாசத்தில் பாதியைத் திருப்பி அனுப்பினார். ஒக்த்ருவா த மேர் மட்டும் எஷர் விலைக்கே கட்டியாகிவிட்டது.