வெயில் செய்துவந்த வேலை

கட்டிலை நகர்த்தியபோதுதான் கண்ணில் பட்டது. தலைமாட்டுச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை மை தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள். தொட்டால் விரலில் ஒட்டியது. பூஞ்சை. வாடகை வீட்டின் உரிமையாளரை வரச் சொன்னோம். அவர் சுவரைப் பார்த்தார். அப்புறம் ஹாலில் விரித்து வைத்திருந்த துணி ஸ்டாண்டைப் பார்த்தார். "துணியெல்லாம் இங்கேயா காயப்போடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமே இல்லை. ஆனாலும் எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வேறு எங்கே போடுவது? அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரில் துவைப்பதுதான் வேலை. ஊறவைத்து, கசக்கி, அலசி, இரண்டு பேராகப் பிடித்துப் போர்வையைப் பிழிந்து, இடுப்பு ஒடிவதெல்லாம் அதோடு முடிந்துபோகும். வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டுவிட்டு இறங்கினால், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். வெயிலுக்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

இங்கே, இந்தக் குளிர் நாட்டில், எல்லாம் தலைகீழ். துவைப்பதை மெஷின் செய்துவிடுகிறது. காயவைப்பதுதான் பெரும்பாடு. குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. ஸ்டாண்டில் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டையில் ஈரமாகவே இருக்கும். நான்காம் நாள் ஒரு புழுக்க வாடை வரும், மறுபடி துவைக்க வேண்டும்.

உரிமையாளர் போன அன்றிரவு என் கணவர் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை எடுத்துவந்தார். விமானத்துக்குக் கிளம்பும் முன்பு ராத்திரி முழுக்கப் பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்த்தோமே, அதே தராசு. அழுக்குத் துணியை ஒரு பையில் போட்டுத் தூக்கினோம்: 5 கிலோ. துவைத்து முடிந்ததும் அதே பை: எட்டரை கிலோ. ஆக மூன்றரை லிட்டர் தண்ணீர். வாரத்துக்கு மூன்று முறை அவ்வளவு தண்ணீரையும் வீட்டுக் காற்றில் விட்டிருக்கிறோம். அது போவதற்கு வழியில்லாமல், இருப்பதிலேயே குளிர்ந்த சுவரைத் தேடிப்போய்ப் படிந்திருக்கிறது.

வாஷிங் மெஷின், துணி உலர்த்தும் ட்ரையர் இரண்டையும் வாங்குவது என்று அன்றே முடிவெடுத்தோம். புதிதாக வந்து இறங்குகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் ட்ரையரை யோசியுங்கள், அதிலிருந்து வாஷிங் மெஷினுக்கு வாருங்கள். ஊர் நினைப்பில் நாம் எத்தனை கிலோ, எத்தனை புரோகிராம் என்று பார்ப்போம். நான் பார்க்கச் சொல்வது ஸ்பின் வேகத்தை, அதாவது துவைத்த துணியைப் பிழிய மெஷின் சுற்றும் வேகத்தை. வீட்டோடு வந்த பழைய மெஷின் நிமிடத்துக்கு 800 சுற்றுதான் சுற்றும். 1400 சுற்றில் பிழிந்தால் துணியின் எடையில் ஏறத்தாழ பாதி அளவு தண்ணீர்தான் தங்கும். எங்கள் 5 கிலோ துணியில் அது இரண்டரை லிட்டர். குறைந்த அந்த ஒரு லிட்டர் சின்ன விஷயமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை நேரடியாகச் சூடு கொடுத்து ஆவியாக்கக் குறைந்தது 0.63 யூனிட் மின்சாரம் வேண்டும். ஸ்பின் அதே தண்ணீரைச் சில நிமிடங்களில், அதில் ஒரு துளி மின்சாரத்தில் உதறிவிடுகிறது. அம்மா பிழியும்போது, கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் இன்னொரு முறுக்கு முறுக்குவாள். ஏன் என்று இப்போது புரிகிறது.

இரண்டு வேலையையும் செய்யும் ஒற்றை மெஷின் மேல் என் கணவருக்கு ஆசை. இடம் மிச்சம் என்றார். ஆனால் அதில் 8 கிலோ துவைக்கலாம் என்று போட்டிருந்தால், உலர்த்த 5 கிலோதான் என்று பக்கத்திலேயே இருக்கும். துணி காய அகலமான தொட்டி வேண்டும், புரண்டு விழ இடம் வேண்டும். பாதித் துணியை வெளியே எடுத்துக் காத்திருக்க வேண்டும், முதல் பாதி காயும் வரை அடுத்ததைத் துவைக்கவும் முடியாது. வாரக் கடைசியில் மொத்தமாகத் துவைக்கிற வீட்டுக்கு அது ஒத்துவராது. 60 சென்டிமீட்டர் அகலத்தில் தனித்தனியாக வாங்கி, நடுவே இணைப்புச் சட்டம் கொடுத்து, ட்ரையரை மேலே ஏற்றிவிட்டோம். இடம் ஒன்றுக்கானதுதான் பிடித்தது.

ட்ரையரில் மூன்று வகை. சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுவது ஒன்று. அதற்குச் சுவரில் துளை வேண்டும், வாடகை வீட்டில் நடக்காது. ஈரத்தைக் குளிரவைத்துத் தொட்டியில் தண்ணீராகச் சேர்ப்பது கண்டென்சர். மூன்றாவது ஹீட் பம்ப். அது ஏறக்குறைய ஒரு ஃபிரிட்ஜ் மாதிரி. துணியிலிருந்து வரும் ஈரக்காற்றைக் குளிர்ந்த குழாயில் மோதவிட்டுத் தண்ணீரை இறக்குகிறது, அதில் கிடைத்த சூட்டையே திரும்ப எடுத்து அதே காற்றைச் சூடாக்கி அனுப்புகிறது. மற்றவை தின்னும் மின்சாரத்தில் பாதி போதும். சூடும் குறைவு என்பதால் துணி சீக்கிரம் நைந்துபோகாது. ஆனால் நேரம் எடுக்கும், முழுத் துணி போட்டால் இரண்டரை மணி நேரம்கூட. ரொம்பக் குளிரும் இடத்தில் வைத்தால் திணறும். நாங்கள் யோசிக்காமல் அதையே எடுத்தோம்.

வாங்கும் நாட்களில் ஒன்றைப் படித்து நெகிழ்ந்துபோனேன். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், உறைபனியில் அம்மா வெளியே போய்த் துணி உலர்த்துவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஜே. ராஸ் மூர் என்பவர் துணி உலர்த்தும் உருளை ஒன்றைச் செய்யப் பாடுபட்டார். 1938இல் அது விற்பனைக்கு வந்தபோது வைத்த பெயர் 'ஜூன் டே'. அவர்கள் ஊரில் ஜூன் என்றால் நல்ல வெயில். ஒரு நாள் வெயிலைத்தான் பெட்டியில் அடைத்துத் தர நினைத்திருக்கிறார்கள்.

அம்மா கொடுத்துவிட்ட பருத்திப் புடவையை மட்டும் அந்தப் பெட்டிக்குள் போட்டது தப்பு. ஐந்தரை மீட்டர் துணி உருளையில் சுற்றச் சுற்ற, துண்டு, சட்டை, குழந்தையின் பாவாடை எல்லாவற்றையும் தனக்குள் இழுத்து ஒரு பெரிய பந்தாகிவிட்டது. வெளியே சுடச்சுட, பிரித்தால் நடுவில் ஈரம். முந்தானையை உருவி எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, கடைசியில் இருவரும் சிரித்துவிட்டோம். மொட்டை மாடியில் போர்வை பிழிந்த அதே பிடி. அன்று முதல் புடவை, வேட்டி எதுவும் உள்ளே போவதில்லை. துணியின் உள்தையலில் இருக்கும் சீட்டில் சதுரத்துக்குள் வட்டம் இருந்தால்தான் ட்ரையர். அதன்மேல் பெருக்கல் குறி இருந்தால் ஸ்டாண்டுதான்.

ஒவ்வொரு முறையும் கதவோரத்து வடிகட்டியை உருவினால் ஒரு கைப்பிடி பஞ்சு வருகிறது. சாம்பல் நிறம், மெத்தென்று இருக்கும். அதை எடுக்காவிட்டால் காற்று ஓடாது, நேரம் இழுக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. எடுத்துக் குப்பையில் போடும்போது ஒரு நொடி கை நிற்கும். குழந்தையின் பாவாடைச் சிவப்பு அதில் ஒரு இழையாகத் தெரியும். கொடியிலும் துணி தேய்ந்திருக்கும், ஆனால் அது காற்றோடு போனதால் நாம் பார்த்ததில்லை.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. சுவரைச் சுரண்டிப் புது வண்ணம் அடித்தாயிற்று, புள்ளிகள் திரும்பவில்லை. ராத்திரி போட்டால் தூங்கப் போகும் முன் மடித்து வைத்துவிடலாம். ஆனால் மடிக்கும்போது முகத்தருகே கொண்டுபோகும் வழக்கம் மட்டும் விடவில்லை. வாசனையே இருக்காது. ஈரத்துணி மேல் வெயில் படும்போது ஆல்டிஹைடு, கீட்டோன் வகைப் பொருட்கள் உண்டாகின்றனவாம், கொடியில் காய்ந்த துண்டின் வாசனைக்கு அவையும் காரணம். சோப்புத்தூள் பாக்கெட்டில் எதை எழுதியிருந்தாலும் அதை அடைக்க முடியவில்லை.

போன ஜூன் மாதத்தில் நல்ல வெயிலடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்கனியில் ஸ்டாண்டை வைத்து அம்மாவின் புடவையை நான்காக மடித்துப் போட்டேன். கூடவே மூன்று துண்டுகள். ஃபோனில் அம்மாவுக்குக் காட்டினேன். பார்த்துவிட்டு, "காய்ஞ்சதும் எடுத்துடும்மா, நிறம் வெளுத்துடும்" என்றாள்.

மூன்று மணி இருக்கும். உள்ளே மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் சட்டென்று மங்கி, பால்கனித் தகரத்தில் நாலைந்து சொட்டு விழுந்த சத்தம். பேனாவைப் போட்டுவிட்டு, "மழை! துணி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். குழந்தை எதற்கென்று தெரியாமலே பின்னால் ஓடிவந்தாள். இரண்டு கையிலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தோம். நான்கே துணிதான். புடவையின் ஓரம் மட்டும் லேசாக நனைந்திருந்தது, மீதியெல்லாம் சுட்டது.